இடப்பக்கச் சுருக்கம்

நான் கழற்றிப் போட்ட பெல்ட்டை மாட்டிக்கொண்டு என் தங்கை துர்கா பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

"இனிமே இது எனக்கு," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினொரு வயதில் எதைப் பார்த்தாலும் வேண்டும். என் பழைய செருப்பையே விட்டுவைக்காதவள், முதுகு பெல்ட்டை மட்டும் விடுவாளா?

ஆஸ்பத்திரியில் அதற்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் பெல்ட். பெல்ட் என்றாலும் பார்க்கக் கையில்லாத பனியன் மாதிரிதான் இருக்கும். தடித்த எலாஸ்டிக் துணி, குறுக்கே இழுத்து ஒட்டுகிற பட்டைகள்.

குனியவைத்துப் பார்த்ததில் என் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைகிறது என்று தெரிந்தபோது டாக்டர் முதலில் காட்டியது சுவரில் தொங்கிய, உடம்பைச் சுற்றி மாட்டுகிற கெட்டியான பிளாஸ்டிக் கூட்டை. அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். அப்பாதான் எங்கெங்கோ அலைந்து இந்தத் துணி பெல்ட்டைப் பிடித்தார்.

இரண்டு வருஷம் போட்டிருந்தேன். தாம்பரத்து வெயிலில், யூனிஃபார்முக்கு உள்ளே, வேர்க்குருவோடு.

அன்று மதியம்தான் டாக்டர், "வளர்ச்சி நின்னுடுச்சு, இனிமே வேண்டாம்," என்று சொல்லியிருந்தார். சேலையூரில் இறங்கும்வரை அம்மா பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று அவளுக்குப் பயம். வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குச் சுற்றிப்போடக் கல் உப்பும் மிளகாயும் எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

பள்ளிக்கரணைப் பக்கமிருந்து குப்பை எரிகிற நாற்றம் வந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.

"நடந்து காட்டுடி," என்றேன்.

துர்கா பெருமையாக நடந்தாள். இந்த வருஷம் கிடுகிடுவென்று வளர்ந்து என் காதை எட்டிவிட்டாள். அவளுடைய யூனிஃபார்ம் பாவாடை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. காலையில்தான் அதற்காக அம்மா டெய்லர் மாரியிடம் சண்டை போட்டிருந்தாள். அவன் ஏற்கெனவே ஒருமுறை பிரித்துத் தைத்துக் கொடுத்த பிறகும் அதே பக்கம்தான் தூக்கியது.

"நான் நேராத்தான் வெட்டிகீறேன்க்கா," என்று மாரி திரும்பத் திரும்பச் சொன்னான். அம்மா காதில் வாங்கவில்லை.

பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. பீரோ கண்ணாடி அதிர்ந்தது.

பெல்ட்டுக்கு அளவெடுத்த பெண் முதல் நாள் சொன்ன ஒன்றை எங்கள் வீட்டில் யாரும் மறந்ததில்லை. "இது வளைஞ்ச முதுகுக்குன்னே வெட்டினது. நேரான உடம்புல போட்டா இடுப்புல இடது பக்கம் சுருக்கம் விழும். மிருதுளாவுக்கு அந்தச் சுருக்கம் வந்துச்சுன்னா சந்தோஷப்படுங்க."

மாடி வீட்டு ஜெயப்ரியா அக்கா ஒருமுறை விளையாட்டாகப் போட்டுப் பார்த்தாள். இடது பக்கம் பிழிந்துபோட்ட துணி மாதிரி சுருங்கியது. நான் ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. அவ்வளவு பொறாமை.

தினமும் காலையில் பட்டையை ஒட்டி முடித்ததும் அம்மாவின் கண் என் இடது இடுப்புக்குப் போகும். ரொம்ப நாள் அங்கே ஒன்றும் இல்லை. போன பொங்கலுக்குப் பிறகுதான் சின்னதாக ஒரு சுருக்கம் விழுந்தது. அம்மா அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பவுன் நகையைக்கூட அவள் அப்படித் தொட்டதில்லை.

துர்கா கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"பார்த்தியாக்கா, எனக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் பக்கத்தில் போய் மண்டிபோட்டேன். பட்டையைப் பிரித்து இன்னும் இழுத்து ஒட்டினேன்.

"நேரா நில்லு."

"நேராத்தானே நிக்கிறேன்."

இடது இடுப்பைத் தடவினேன். மறுபடி பிரித்தேன், மறுபடி ஒட்டினேன். துணி அவள் உடம்போடு வழவழவென்று படிந்து கிடந்தது. ஒரே ஒரு சுருக்கம் விழுந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்காகக்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

அம்மா வருவதற்குள் கழற்றி எங்காவது ஒளித்துவிடலாம் என்று தோன்றியது. பட்டையில் கை வைத்தேன்.

"மிருதுளா, கிழக்கே பார்த்து உட்காரு," என்று சொல்லிக்கொண்டே அம்மா வந்தாள். மூடிய கையில் உப்பும் மிளகாயும் இருந்தன. துர்காவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"உனக்கு எதுக்குடி அது?"

பழக்கதோஷம். அம்மாவின் கண் துர்காவின் இடது இடுப்புக்குப் போனது.

போன கண் அங்கேயே நின்றது. சிரிப்பு மட்டும் முகத்தில் மிச்சமிருந்தது. விரல் இடுக்கிலிருந்து கல் உப்பு தரையில் உதிர்ந்தது. பிறகு அம்மாவின் பார்வை மெல்லக் கீழே இறங்கி, ஒரு பக்கம் தூக்கி நின்ற பாவாடைக்கு வந்தது.

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

துர்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்தாள்.

"டாக்டர் முதுகைப் பார்க்கிறப்போ அக்கா குனிவாளே, அதே மாதிரி நானும் காட்டட்டுமா?" கண்ணாடியைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்துக்கொண்டாள்.

"வேணாம்," என்றாள் அம்மா.

அதற்குள் துர்கா குனிந்துவிட்டாள். அவள் முதுகு எங்கள் பக்கம் இருந்தது.