உரிமம் இல்லாத வாத்து

டிவியில் கார்ட்டூன் ஓடிய காலத்தில், ஒரு கொள்ளைக்கார வாத்துக்குத் தமிழில் டப்பிங் பேசியவன் நான். அப்போதே அந்தக் குரலை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் தொண்டைக்கும் கிராக்கி இருக்கிறதே என்ற பெருமையில் பத்திரத்தைப் படிக்கவில்லை.

வத்சலா என்னைக் கட்டிக்கொண்டது அந்த வாத்துக்காகத்தான். முகத்துக்காக இல்லை என்பது கல்யாண ஆல்பத்தைப் பார்த்தாலே தெரியும்.

இப்போது அவளுக்குக் காது மந்தம். காதில் மாட்டியிருக்கும் கருவி, ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான குரலில் உரிமம் இல்லாமல் யார் பேசினாலும் உள்ளே விடாது.

நேற்று எங்கள் கல்யாண நாள். "ஒரே ஒரு தடவை வாத்து மாதிரி என்னைக் கூப்பிடுங்களேன்," என்றாள்.

கூப்பிட்டேன்.

"ஏன் வாயைத் திறந்துட்டு சும்மா நிக்கிறீங்க?"

"உன் மெஷின் என்னைத் திருடன்னு நினைக்குது வத்சி," என்றேன் சொந்தக் குரலில்.

இரண்டு காதிலிருந்தும் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "ம், இப்ப கூப்பிடுங்க."

எழுபத்தாறு வயது நெஞ்சு தாங்குகிற வரை வாத்தாகக் கத்தினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிறதா என்று சைகையில் கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல," என்றாள். "ஆனா வாய் அன்னிக்கு மாதிரியே கோணுது. நிறுத்தாதீங்க."