முடி கொட்டுதா?

புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுக்காகத் தாதி அஃப்ரின் மலேசியாவின் கிள்ளான் நகரில் படியேறிய முதல் வீடு அது. ஃபைலின் முதல் வரியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்: 'லோகேந்திரன், வயது ஏழு, ரத்தப் புற்றுநோய்.'

பிள்ளையின் அம்மா பஞ்சவர்ணம் மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பிள்ளை நல்லா சாப்பிடுறானா ஆன்டி?"

"வீட்டுச் சாப்பாடுன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். கடையில விக்கிற நாசி லெமாக் சோறுன்னா ரெண்டு பொட்டலம் உள்ள போகும்."

"தூக்கம்?"

"எங்க தூங்குறான்? எந்நேரமும் ஃபோன்தான்லா."

அடுத்த கேள்வியை அஃப்ரின் தயங்கித்தான் கேட்டாள். "முடி... கொட்டுதா?"

"முன்னால மொத்தமும் போச்சு. பின்னாலதான் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு." சொல்லிவிட்டுப் பஞ்சவர்ணம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

துக்கம் முற்றினால் சிலர் சிரிப்பார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அஃப்ரின் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "அழணும்னா அழுதுருங்க ஆன்டி."

"நான் எதுக்கும்மா அழணும்?"

வாசலில் கார் நின்றது. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் பையைச் சுமந்தபடி, வழுக்கைத் தலையோடு அவள் அப்பா.

"லோகா, உன்னையப் பத்தித்தான் கேக்குறாங்க!" என்றார் பஞ்சவர்ணம் அந்த வழுக்கைத் தலைக்காரரிடம்.

அஃப்ரின் அவசரமாக ஃபைலைப் புரட்டினாள். ஏழு என்பது மருத்துவமனையில் சேர்ந்தபோது இருந்த வயது. சேர்ந்த ஆண்டு 1994.

பஞ்சவர்ணம் மகனின் மண்டையை ஆசையாகத் தடவினார்.

"அன்னைக்கு மருந்துல கொட்டுன முடிய மடியில அள்ளி வெச்சுக்கிட்டு அழுதேன். இது இவனுக்கு அவங்கப்பாகிட்டருந்து வந்த வழுக்கைம்மா. இதப் பாக்கக் குடுத்து வெச்சிருக்கணும்லா!"