ஆறாவது கொலை

பொழியூர் ஜேனட் படியேறுவதைப் பார்த்ததுமே, காஞ்சிரங்குளத்தில் வீடியோ கடை வைத்திருந்த லேகா அந்தக் கேசட்டை எடுத்து வைத்தாள். பக்கத்துப் பங்களாவில் நாலே நாளில் எடுத்து, தியேட்டருக்கே போகாமல் நேரே கேசட்டில் வந்த கொலைப்படம். ரத்தம் என்று தக்காளிச் சாற்றைக் கொட்டியிருந்தார்கள்.

“இது பத்தாவது தடவெ, சேச்சி. இந்த வெட்டும் குத்தும் அப்பிடி என்ன பிடிச்சுப் போச்சு?”

ஜேனட் வாடகைக் காசை எண்ணி மேசைமேல் வைத்தாள்.

“ஒரு நாளாவது ரீவைண்ட் செய்து தந்தது உண்டா? எப்பவும் ஆறாவது கொலையில கொண்டு நிறுத்தி வச்சிருக்கும். நாளைக்கு உங்களுக்குக் கல்லறைத் திருநாளாக்கும். மெழுகுதிரி வாங்கிட்டு கல்லறைக்குப் போகண்டாமா?”

“வாங்கியாச்சு மக்கா. அண்ணன் வீட்டு டிவிக்கு முன்னால கொளுத்தி வைக்கணும்.”

“டிவிக்கு முன்னாலயா?”

“எனக்க மோன் ரெஜின் இந்தப் படத்துல செத்தவனா நடிச்சான். ஆறாவது ஆளு. அடுத்த மாசம் கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் கரைக்கு வந்துது.”

ஜேனட் கேசட்டை முந்தானையில் பொதிந்துகொண்டாள்.

“அவனுக்க உடம்பு எனக்கு இதுல மட்டுந்தான் உண்டு.”