மினிஸ்ட்ரி நானா

"அவருக்கு மட்டும் ஏன் ரெண்டு தலகணி?"

பிறிஜெற் கேட்டது கணவர் செபஸ்தியனிடம். ஆனால் வார்ட் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கொட்டாஞ்சேனை செபஸ்தியன், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பொரளைச் சந்தியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து கால் முறிந்துவிட்டது. கட்டிலை விட்டு இறங்கிப்போய்ச் சண்டை பிடிக்கவும் வழியில்லை. அந்தப் பொறுப்பை மனைவியிடம் விட்டிருந்தார்.

"தலகணி மட்டுமே? விடிஞ்சா அட்டென்டன் புஷ்பராஜ் அவருக்குச் சுடச்சுட பிளேன்டீ கொண்டு வாறான். மூத்திரச் சட்டி கேட்டா ஓடி வாறான். வார்ட் ஸிஸ்டரே வந்து, நல்லா நித்திரை கொண்டீங்களா எண்டு கேக்கிறா. என்னைக் கேக்க ஒரு நாதி இல்லை."

அடுத்த கட்டிலில், எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ஸாலிஹ் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். எழுபது வயதிருக்கும். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, ஒப்பரேஷன் முடிந்திருந்தது.

பிறிஜெற் நேராக நர்ஸ் டில்ஷானி மிஸ்ஸிடம் போனாள்.

"மிஸ், இது கவர்ண்மென்ட் ஆஸ்பத்திரி. எல்லாரையும் ஒரே மாதிரிப் பாக்கோணும். அந்த நானாவுக்கு மட்டும் என்ன விசேஷம்? டிரெக்டருக்கு எழுதிப் போடுவன்."

டில்ஷானி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறிஜெற்றின் கையைப் பிடித்து அலுமாரிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"ஆன்ட்டி, சத்தம் போடாதீங்க. அவர் மினிஸ்ட்ரி ஆள்."

"எந்த மினிஸ்ட்ரி?"

"ஹெல்த் மினிஸ்ட்ரி. நோயாளிகளை நாங்க எப்பிடிக் கவனிக்கிறம் எண்டு பாக்க இப்ப ஒராளை நோயாளி மாதிரியே அனுப்பி வைக்கினமாம். வார்ட்டில வேலை செய்யிற எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியுமெண்டு அவருக்குத்தான் தெரியாது."

"அப்ப அந்த முறிஞ்ச இடுப்பு?"

"பெரிய இடத்து விஷயம் ஆன்ட்டி. நாங்க கேக்கேலாது."

பிறிஜெற் திரும்பி வந்து செபஸ்தியனின் காதில் சொன்னாள். அவர் உடனே தலையை வாரிக்கொண்டார்.

அடுத்த நாள் பிறிஜெற் மீன் கட்லட்டோடு வந்தாள். பெரிய கட்லட்டுகள் நானாவுக்குப் போயின. உடைந்தவை செபஸ்தியனுக்கு.

"நானா எங்க வேலை?" செபஸ்தியன் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"கிராண்ட்பாஸ்ல குடை ரிப்பேர் செஞ்சேன் தம்பி. இப்ப கண்ணும் சரியாத் தெரியிதில்ல."

"விளங்குது நானா, விளங்குது." செபஸ்தியன் கண்ணைச் சிமிட்டினார்.

"வீட்டில ஆக்கள்?"

"பொஞ்சாதி மவுத்தாகிட்டா. புள்ளைகளும் இல்ல. தனியத்தான் ஈக்கிறேன்."

'என்ன மாதிரிக் கோர்வையாச் சொல்லுறார் மனுசன்!' செபஸ்தியனுக்கு ஒரே வியப்பு.

அன்றிலிருந்து நானாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவது செபஸ்தியன்தான். நானா தண்ணீர்ப் போத்தலுக்குக் கை நீட்டினால் போதும், "புஷ்பராஜ்!" என்று வார்ட் அதிரக் கத்துவார். புஷ்பராஜும் ஓடி வருவான். படுக்கைப்புண் வந்துவிடக் கூடாதென்று ஆள் மாறி ஆள் வந்து நானாவைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தார்கள். வந்தபோது வாடிப் போயிருந்த மனிதர், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கவே தொடங்கிவிட்டார்.

"நான் நெனச்சேன், கவர்மெண்டு ஆஸ்பத்திரி எண்டா கவனிக்க மாட்டாங்க எண்டு," என்றார் நானா. "அல்லாவே, எவ்வளவு நல்ல சனம்!"

அவரை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. மினிஸ்ட்ரி ஜீப் வருமென்று பிறிஜெற் ஜன்னலடியில் நின்றாள். வந்தது ஒரு த்ரீவீலர்.

"பாத்தீங்களா? கடைசி வரைக்கும் நடிப்பு!" என்று கணவரிடம் கிசுகிசுத்துவிட்டு நானாவிடம் போனாள். "நானா, டில்ஷானி மிஸ் நல்ல பிள்ளை. அவவுக்கு நல்ல மார்க் போடுங்க, என்ன?"

"மார்க்கா?" நானா விழித்தார். பிறகு அவர் கண் கலங்கியது. "அந்தப் புள்ளைக்கு நான் அஞ்சு நேரமும் துஆ கேப்பேன் மகள்."

புஷ்பராஜ் அவரைக் கைத்தாங்கலாக த்ரீவீலரில் ஏற்றிவிட்டு வந்தான்.

பின்னேரம் அதே கட்டிலுக்கு இன்னொருவர் வந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். லொறி தட்டிக் கால் முறிந்திருந்தது. கொண்டுவந்து விட்டவன் இவருடைய பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். புதியவர் தண்ணீர் கேட்டார். புஷ்பராஜுக்குக் கேட்கவில்லை.

டில்ஷானி புஷ்பராஜை ஓரமாகக் கூப்பிட்டாள். செபஸ்தியன் காதைத் தீட்டிக்கொண்டார்.

"புஷ்பராஜ், ஒருத்தரிட்டயும் சொல்லாத. ஸாலிஹ் நானா எங்களைப் பற்றி நல்லா எழுதியிருக்கிறாராம். அது உண்மையோ எண்டு பாக்க மினிஸ்ட்ரியால இன்னொராள் வந்திருக்கு. இவர்தான்."

புஷ்பராஜ் தலகணி எடுக்க ஓடினான்.

செபஸ்தியனுக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், கொஞ்சம் இஞ்ச வாங்க. உண்மையச் சொல்லுங்க. ஸாலிஹ் நானா ஆர்?"

"குடை ரிப்பேர் செய்யிறவர். உங்களிட்ட அவரே சொன்னவர்தானே அங்கிள்?"

"அப்ப ஏன் எங்களையெல்லாம் ஏமாத்தினீங்க?"

டில்ஷானி அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீங்க குறை சொன்னா டிரெக்டருக்கு எழுத ஆன்ட்டி இருக்கிறா. பாக்க ஒருத்தரும் வராத ஆளை, மினிஸ்ட்ரி ஆளெண்டு சொன்னாத்தான் அங்கிள் எல்லாரும் மனுசனா மதிக்கினம்."