புள்ளி விழாத கரை

ஊசி போட்ட கையோடு நர்ஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவுதான் சார், கிளம்பலாம்."

அவன் உட்கார இடம் தேடினான். பெஞ்ச் இல்லை. ஒரு ஸ்டூல்கூட இல்லை.

தடுப்பூசி போட்ட குழந்தையை அரை மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும். அதை அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுகாதார அலுவலகத்தில் அவன் பிழைப்பே அதுதான். ஊசிக்குப் பிறகு காய்ச்சல், வீக்கம், தடிப்பு என்று எந்தக் கிளினிக்கிலிருந்து தகவல் வந்தாலும், சுவரில் மாட்டிய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான்.

ஆற்றுக்குக் கிழக்கே, அவன் குடியிருக்கும் பக்கம், அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். மேற்கே துடைத்துவிட்ட வெள்ளை.

இரண்டு கரைக்கும் ஒரே மருந்துதான், ஒரே வண்டியில்தான் போகிறது. அதுவும் அவனுக்குத் தெரியும். ஆனாலும் நாள் முழுக்க அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, பெற்ற மகள் என்று வரும்போது புத்தி வேறு பக்கம் போய்விடுகிறது.

மேற்குக் கரைக்கு வந்ததில் மனைவிக்குத் துளியும் இஷ்டமில்லை. தெருமுனையில் கிளினிக்கை வைத்துக்கொண்டு கைக்குழந்தையோடு பாலம் தாண்ட வேண்டுமா என்று வண்டி ஏறும்வரை முணுமுணுத்தாள்.

தெருமுனை நர்ஸுக்குத் தெரு வைத்த பெயர் 'உக்காரக்கா'. ஊசி போட்டவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் அரை மணி நேரம் நகர விடமாட்டாள். அவசரப்பட்ட ஒருவரின் செருப்பை ஒளித்து வைத்தாள் என்றுகூட ஒரு கதை உலவியது. சின்னத் தடிப்பைக் கண்டாலும் எழுதி அனுப்பிவிடுவாள். அவன் தெருவின் மேல் இருக்கும் புள்ளிகளில் பாதி அவள் கைங்கரியம். அந்தம்மாவுக்குக் கைராசி இல்லை என்று மனைவியிடம் அடித்துச் சொல்லியிருந்தான்.

இங்கே உட்கார இடமே இல்லையே என்று நர்ஸிடம் கேட்டான்.

அவள் சிரித்தாள். சின்னப் பெண். பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

"இங்க யார் சார் உக்கார்றாங்க? முன்னாடி ஒரு அக்கா இருந்தாங்க. எல்லாரையும் பெஞ்சுல உக்கார வச்சு உயிரை வாங்குவாங்க. ஒருநாள் ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டிடுச்சு. அவங்களே இன்னொரு ஊசி போட்டு சரி பண்ணிட்டாங்க. அதோட சும்மா இருந்திருக்கலாம். எழுதி அனுப்பிட்டாங்க. உடனே தூக்கி அந்தக் கரைல போட்டுட்டாங்க. இந்தப் பக்கம் யார் எழுதினாலும் இதே கதைதான்."

அந்தப் புள்ளி அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவ்வளவு வெள்ளையில் ஒற்றைப் புள்ளி கண்ணை உறுத்தியது. மேலதிகாரி அதன் மேல் விரலை வைத்து யாரிது என்று கேட்டார். அதற்குப் பிறகு மேற்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. கோளாறு எதுவோ சரியாகிவிட்டது என்று இவனும் நினைத்துக்கொண்டான்.

அது பிழைத்த குழந்தையின் புள்ளி.

எழுதுகிறவர்கள் ஒவ்வொருவராக ஆறு தாண்டியிருக்கிறார்கள். அவர்கள் போன இடமெல்லாம் வரைபடம் சிவந்திருக்கிறது. இந்தக் கரையில் ஊசி போட்ட குழந்தைகள் உடனே வாசல் தாண்டுகிறார்கள். ஆவதெல்லாம் வீட்டில் ஆகிறது.

அந்த அக்கா யார் என்று அவன் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

குழந்தையோடு வாசலுக்குப் போயிருந்த மனைவி கூப்பிட்டாள். குரலில் முணுமுணுப்பு போயிருந்தது.

"என்னங்க, இவ கழுத்தப் பாருங்க. அழுகையே நின்னு போச்சு."

தடிப்பு காதுவரை ஏறியிருந்தது. உதடு வீங்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மெல்லிய சீழ்க்கை.

அந்த இன்னொரு ஊசி எங்கே என்று அவன் கத்தினான்.

நர்ஸ் மூலையிலிருந்த இரும்பு அலமாரிக்கு ஓடினாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். பூட்டியிருந்தது. சட்டைப் பையைத் தடவினாள். மேஜை டிராயரைக் கவிழ்த்தாள். ஜன்னல் விளிம்பில் கையை ஓட்டினாள்; கையெல்லாம் தூசி.

பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா போனதுக்கப்புறம் இதத் திறக்க வேண்டியே வரலையே சார்" என்றாள்.