பத்தாவது வார்த்தை

முதியோர் நலக் கணக்கெடுப்புக்காக, இரண்டு வருடம் கழித்து டாஸ்மேனியாவில் மேவிஸின் வீட்டுக்கு மறுபடி போனேன்.

"குளிக்க, உடுத்த யாராவது உதவுறாங்களா?"

"எல்லாம் நானே பார்த்துக்கிறேன். நீ முதல்ல இதைச் சொல்லு. போன தடவை ஞாபகசக்தி பார்க்க என் வீட்டுக்காரர் கிளைவுக்குப் பத்து வார்த்தை வாசிச்சியே, அவரு ஒம்பதுதான் சொன்னாரு. மூளை போயிடுச்சுன்னு பயந்துட்டாரு. கார் சாவியை என்கிட்ட குடுத்துட்டாரு. புல்தரையில பந்து உருட்டி பௌல்ஸ் ஆடப் போறதையும் விட்டுட்டாரு. சாகுற அன்னைக்கும் அந்தப் பத்தாவது வார்த்தையைத்தான் தேடினாரு. அது என்ன?"

விடை சொல்லக் கூடாது என்பது விதி. இருந்தும் சொன்னேன்.

"படகு."

"சுலபமான வார்த்தைதான்" என்று மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

போன தடவை எடுத்த ஒலிப்பதிவை அப்போதே அலுவலகத்தில் கேட்டிருந்தேன். படகை விட்டுவிட்டு, ஒன்பது வார்த்தைகளைத்தான் கிளைவுக்கு வாசித்திருந்தேன்.