ஊமைப் படம்

"படம் பாக்கவா சார் எம்புள்ளயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்?"

வகுப்பு வாசலில் நின்றே கத்தினார் முருகையா. கோலா சாவா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. மலாய் மொழியில் தேறாததால் மூத்த மகன் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் மலாய் கற்பதற்கான புதுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார வேண்டி வந்தது. வெறுத்துப்போய்ப் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வேலைக்குப் போய்விட்டான். அடுத்த மாதம் மகள் பஞ்சாலை ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறாள். அவளும் கோட்டை விட்டால்?

"உள்ள வாங்க அண்ணே. பத்து நிமிசம் உக்காந்து பாருங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க" என்றார் ஆசிரியர் திருநாவுக்கரசு.

முறைத்துக்கொண்டே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார் முருகையா. டிவியில், வீடியோவில் பதிந்த ஏதோ ஒரு தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி வாயை வாயை அசைத்தாள், சத்தத்தைத்தான் காணோம். அடியில் மலாய் எழுத்து மட்டும் வந்து வந்து மறைந்தது.

"சத்தத்தக் கூட்டுங்கலா சார்!"

"அப்பா, சும்மா இருங்க! எழுத்து ஓடிப்போயிரும்!" திரும்பிச் சீறினாள் பஞ்சாலை.

திரையில் கதாநாயகி ஏன் அழுகிறாள், கதாநாயகன் என்ன சொல்லிவிட்டான்? தெரிந்தாக வேண்டுமே! பிள்ளைகள் முண்டியடித்து வாசித்தார்கள்.

"ஆக்கு தாக் பெர்ச்சாயா! நான் நம்ப மாட்டேங்கிறா சார்!"

ஆசிரியர் டிவியை அணைத்துவிட்டு, அதே வசனங்களை எழுதிய தாள்களைக் கொடுத்தார். பஞ்சாலை எழுந்து தடங்கல் இல்லாமல் கடகடவென்று படித்தாள். மலாய்ப் புத்தகத்தைத் தொட்டாலே கொட்டாவி விடுகிற பிள்ளை!

"புத்தகத்துல எழுத்து அங்கேயே கெடக்கு அண்ணே, இதுங்க தூங்கிருதுங்க. திரையில வெரட்டிப் புடிக்க வேண்டியிருக்கு. புடிச்சதத் தாள்ல நிதானமாப் பாத்தா மனசுல ஒட்டிக்குது. ரெண்டும் வேணும்."

முருகையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் ஆசிரியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க சார். எங்க முனியாண்டி சாமியே வந்து நின்ன மாதிரி இருக்கு. எம்மவ கரையேறிடுவா. ஆமா, சத்தத்த அடைச்சிட்டா புள்ளைங்க எழுத்தப் படிக்கும்னு எந்தப் பெரிய மனுசன் சார் ரோசன குடுத்தாரு? அவரு கால்ல விழணும்லா!"

திருநாவுக்கரசுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"டிவி ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு அண்ணே. ரிப்பேர் பண்ணிக் குடுங்கன்னு சங்கக் கூட்டத்துல நான் கெஞ்சினப்ப, 'பள்ளிக்கூடத்துக்கு டிவி எதுக்கு, அது ஊமையாவே கெடக்கட்டும்'னு மேசையத் தட்டிச் சொன்ன பெரிய மனுசன் நீங்கதான்!"